அயோவாவில் நான் கட்டிய பங்கர்கள்

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் அமெரிக்க மாநிலத்தையே திறந்து வைத்தேன். சுவிஸில் இந்த அட்லிஸ்வில் ஊரின் வரலாற்றில் இப்படியொரு பேருரை நிகழ்ந்ததில்லை.

அக்காவின் மகள் ரிஷானிக்கு அயோவாவில் இரண்டு வருட வேலை, மண் ஆராய்ச்சி. ஜெயகௌரி அக்கா அனுப்ப ஒரு மாதமாக 'ஓம்' சொல்லவில்லை. ஒரே பிள்ளை. குடும்பத்தில் அமெரிக்காவைக் கண்டவன் நான் ஒருவன்தான்: பதினேழு வருடத்துக்கு முன் சிக்காகோவில் ஒரு கலியாணம், ஆறு நாள். அதில் நாலு நாள் மழை. ஆனாலும் அன்றிலிருந்து நான்தான் தூதுவர்.

சொன்னேன்: சோளம் தென்னை உயரம். ஒரு பொத்தியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மண்ணின் கறுப்புக்குப் பகலிலும் டோர்ச் பிடிக்க வேண்டும். சனம் மரியாதையில் உருகும். எதிரே வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் கை காட்டிக் காட்டி, கடைக்குப் போனவர்கள் மறுநாள்தான் வீடு திரும்புவார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அங்கே சுழல்காற்று வருமாமே என்று கேட்டார்.

"பயப்படாதையுங்கோ அக்கா. இங்க மாதிரித்தான், ஒவ்வொரு வீட்டுக்குக் கீழயும் பங்கர். சட்டம்."

இங்கே என் கட்டடத்துக்குக் கீழே இருக்கிறது. அதில் சைக்கிள் வைத்திருக்கிறேன். அங்கே? எனக்கென்ன தெரியும்.

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். ஊரில் சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்; பங்கர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. "சரி. போகட்டும்" என்றார்.

ரிஷானி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நன்றியா, எச்சரிக்கையா?

மார்ச் 14, சனி

ரிஷானி போய்ப் பத்து நாள். இன்று கதைத்தாள். அங்கே மனிதர் முப்பது லட்சம், பன்றிகள் இரண்டு கோடிக்கு மேலாம். இவ்வளவு துணிந்து நான்கூட ஒருநாளும் புளுகியதில்லை. நிலம் தட்டையில்லையாம், மெல்லிய அலை அலையாகப் போகுமாம். கிழக்கே ஓர் ஆறு, மேற்கே ஓர் ஆறு, அதுதான் எல்லை. கை காட்டுவது உண்மைதான், ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரேயொரு விரலை உயர்த்துவார்களாம், அவ்வளவுதான் வணக்கம். எதைக் கேட்டாலும் "பெரிசா மோசமில்லை" என்பார்களாம். பக்கத்து வீட்டு லொயிஸ் என்ற மூதாட்டி பனியில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்த கதையையும் அப்படியேதான் முடித்தாராம். என்னை அங்கே விட்டால் பேச்சுப் பட்டினியால் செத்துப்போவேன்.

கடைசியில், ஏதோ உப்பு முடிந்ததைச் சொல்வதுபோல:

"மாமா, நான் இருக்கிற வீட்டுக்குக் கீழ ஒண்டுமில்லை. சில்லு பூட்டி லொறியால இழுத்துக்கொண்டு வந்து இறக்கின வீடு. அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

மார்ச் 15

நித்திரை இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

வாசிக்கக் கூடாததையெல்லாம் வாசித்துவிட்டேன். காற்று இந்த இழுத்து வந்த வீடுகளைத்தான் பொம்மைபோலப் பிரட்டுமாம். நேற்று நான் வேலை செய்யும் ஹோட்டல் குசினியில் உருளைக்கிழங்கு சீவும்போது கவனம் சிதறி விரலை வெட்டிக்கொண்டேன். வேறு வீடு பார் என்று பிள்ளையிடம் கெஞ்சினேன். தேடுகிறாளாம், கிடைக்கவில்லையாம்.

அக்கா கோயிலில் எல்லோரிடமும் என் பங்கரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மையைச் சொன்னால் நாளைக்கே பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவார், அவளுடைய வேலை போய்விடும். சொல்லாவிட்டால் — சொல்லாவிட்டால் என்னடா? வாயாடி. இப்ப ஏன் வாய் வரேல்லை?

ஏப்ரல் 18, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எழும்பிக் கைபேசியைப் பார்த்தேன். அங்கே வெள்ளி மாலை எட்டு மணிக்கு ரிஷானி அனுப்பியது: "சைரன் ஊதுது மாமா. லொயிஸ் கதவைத் தட்டுறா. போறன்." பிறகு ஒன்றுமில்லை. அழைப்பு எடுத்தால் மணிகூட அடிக்கவில்லை. அந்த மாவட்டத்தில் வீடுகள் போய்விட்டன என்று செய்தி. நாற்பத்தொரு தரம் எடுத்தேன். இது கூட்டிச் சொன்னதில்லை.

எட்டு மணிக்குக் குசினியில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அட்லிஸ்விலுக்கு ரயில் ஏறினேன். வாசலிலேயே சொன்னேன், அங்க பங்கர் இல்லை அக்கா, நான் சும்மா சொன்னனான்.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ சட்டம் எண்டு சொல்லேக்கையே தெரியும். பிள்ளை போக ஆசைப்பட்டவள். அனுப்ப எனக்கு ஒரு சாட்டு வேணுமாயிருந்தது. உள்ள வா."

செய்தி, சைரன், வீடு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. கைபேசியை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் இருந்தோம். அக்கா தேத்தண்ணி போட்டார், யாரும் குடிக்கவில்லை. அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

ஒன்று இருபதுக்கு மணி அடித்தது, ரிஷானி. அவளுடைய வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரண்டு கிடக்கிறதாம். இரவு முழுக்க லொயிஸ் வீட்டு நிலவறையில், ஊறுகாய்ப் போத்தல்களுக்கு நடுவில் இருந்தார்களாம்.

"சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டார்.

ஏப்ரல் 19

இன்றும் பயம்.

மே 31, ஞாயிறு

ரிஷானி இப்போது லொயிஸ் வீட்டு மேல் அறையில் இருக்கிறாள். சோளம் விதைத்துவிட்டார்களாம், இன்னும் கணுக்கால் உயரம்தான். திரும்பி வா என்று அக்கா ஒரு தரமும் சொல்லவில்லை.

காலையில் அக்காவின் செய்தி: "அங்க இண்டைக்கு வானம் வெளிச்சிருக்குமாம். நீ யோசியாதை."

அங்கத்தைய வானிலை அறிக்கையை நான் ஐந்து மணிக்கே பார்த்துவிட்டேன். அதை எழுதவில்லை. "நல்லது அக்கா" என்று மட்டும் அனுப்பினேன்.