தாலாவைக் காணவில்லை

அன்புள்ள நெனெத்,

உன் முதுகுவலி இப்போது தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் இங்கே ஒரு கூத்து. மருந்துக்கடைகளுக்காக நான் எழுதிய புரோகிராம் என் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடியது. சிங்கப்பூர் முழுக்கக் கடைகளில் போட்டதும் எல்லாத் திரையிலும் ஒரே செய்தி: "தாலாவைக் காணவில்லை." என் கம்ப்யூட்டரில் நம் மகள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. மருந்துப் பட்டியலை அதில்தான் தேட வேண்டும் என்று புரோகிராமிலும் அப்படியே எழுதிவிட்டேன். கடைக் கம்ப்யூட்டரில் அது எப்படி இருக்கும்?

"யாருப்பா அந்தத் தாலா? உன்னை விட்டுட்டு ஓடிட்டாளா?" என்று பக்கத்து மேஜை ஹஸ்லினா கேட்டாள். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"என் பொண்ணு. ஊர்ல இருக்கா."

"அப்ப லீவுக்கு இங்க கூட்டிட்டு வாப்பா, பார்க்கலாம்."

சரி என்றேன். அவள் இறந்துபோனதை இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை.

ஒரு வரியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது. இப்போது எந்தத் திரையிலும் அவள் பெயர் வருவதில்லை.

நவம்பர் முதல் தேதி ஊரோடு சேர்ந்து கல்லறைக்குப் போகும்போது மெழுகுவர்த்தியோடு கறுப்புப் பெயின்டும் எடுத்துப் போ. மழையில் அவள் பெயர் மங்கியிருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். பெயரைப் பெரிதாகவே எழுது நெனெத். நான் அந்த இடத்தை இன்னும் பார்த்ததில்லை. வரும்போது தேடி அலையக் கூடாது.

உன்
ரெனாந்தோ