அம்முணி, உன் மாட்டுக்கு ஊசி போட விடமாட்டேன்

அனுப்புநர்
இரா. தெய்வம்மா,
தேயிலை பறிக்கும் தொழிலாளி,
கல்லுக்குழி எஸ்டேட் லைன் வீடு,
குன்னூர் வட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: பால் கறக்க மாட்டுக்கு ஊசி போடச் சொல்லி வற்புறுத்துவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கமுங்க.

1. என் மகள் ரஞ்சனி, எங்களுக்கு அம்முணி, போன மழையில் புல் அறுக்கப் போன இடத்தில் மண் சரிந்து இறந்துபோனாள். எங்கள் மாட்டை அவள்தான் கறந்துவந்தாள். முதலில் கன்றை ஊட்ட விடுவாள். மாடு சுரந்த பிறகுதான் மடியில் கை வைப்பாள். இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன். அவள் கறந்ததில் பாதிதான் இறங்குகிறது. மீதியை மாடு அடக்கிக்கொள்கிறது.

2. எங்கள் லைனில் பால் எடுப்பது ஒரே ஒரு தனியார் வேன். அதன் முதலாளி வைத்த அளவுக்குக் குறைந்தால் அந்த வீட்டுப் பாலை எடுக்க மாட்டார். வேனோடு வரும் கறவைக்காரர் அய்யாவு, லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக் கறக்கிறார். கேட்டால், "ஏனுங்க அக்கா, கன்னு குடிச்சு மாடு சொரக்கற வரைக்கும் நான் குத்தவெச்சு உக்காந்திருந்தா, வேன் மேட்டுப்பாளையமே போய்ச் சேந்துருமுங்க. எங்கூட்டுலயும் அடுப்பெரியோணுமில்லீங்களா" என்கிறார். அவரைக் குற்றம் சொல்லி நான் எழுதவில்லை. அவசரம் அவருடையது இல்லை, முதலாளியுடையது.

3. ஊசி போட்டால் பால் கூடத்தான் செய்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வீட்டு ரோஸ்மேரியின் மாடு அப்படிக் கறந்து கறந்து, பிறகு சினையே பிடிக்காமல் அடிமாட்டு வண்டியில் ஏறியது. ஊசியால்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது; டாக்டர் வந்து பார்த்துச் சொல்லட்டும். கூடுகிற பால் வேனுக்குப் போகிறது, கெட்டுப்போகிற மாடு எங்கள் கொட்டகையில் நிற்கிறது. அது மட்டும் எனக்குத் தெரியும். ரோஸ்மேரி வேறு மாடு பிடிக்கக் கடன் கொடுத்ததும் அதே முதலாளிதான்.

4. நான் ஊசிக்கு ஒப்புக்கொள்ளாததால் எங்கள் பாலை எடுப்பதில்லை. தூக்குவாளியோடு வாசல் வாசலாகப் போய் ஊற்றுகிறேன். மாட்டை விற்றுவிடச் சொல்கிறார்கள். விற்க மாட்டேன்.

5. ஆகவே அந்தப் பாட்டிலைப் பிடித்துச் சோதிக்கவும், குறைந்த பாலையும் எடுக்கிற பால் சங்கம் ஒன்று எங்கள் லைனுக்கு வர வழி செய்யவும் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் ஒருநாள் கறவை வேளையில் நேரில் வர வேண்டும். சொல்லிவிட்டு வராதீர்கள் ஐயா. சொன்னால் அன்றைக்குப் பாட்டில் வராது. தாங்கள் வரும்வரை திரும்பத் திரும்ப எழுதுவேன்.

இடம்: குன்னூர்
நாள்: 18.02.2025

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
இரா. தெய்வம்மா

அம்முணி, எனக்குத் தராமல் அடக்கிக்கொள்கிற பாலை உனக்கு மட்டும் அது எப்படிக் கொடுத்தது?