இடம் பத்தாத பெயர்

வியாழன், இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பிச்சாவரம் நண்டுகளைப் பற்றிய ஆளுயரப் போஸ்டரை லேடெக் மென்பொருளில் வரிவரியாக அமைத்தவள் நான். என்னோடு ஆய்வு செய்யும் செந்தில் அதைக் கடலூரில் அச்சடித்து வந்து, இன்று சிதம்பரம் கருத்தரங்கில் மாட்டினான். அவன் பெயர் இருந்தது, எங்கள் ஆய்வு வழிகாட்டியின் பெயர் இருந்தது. நான் போட்டிருந்த என் பெயர் மட்டும் இல்லை.

"இடம் பத்தல பரீதா. அடுத்த தடவ போட்டுக்கலாம்" என்றான்.

"லோகோவ கொஞ்சம் சின்னதாக்குனா பத்தியிருக்கும். எங்கிட்டயே கதை வுடுறியா?"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

வரவேற்பு மேசையிலிருந்த மார்க்கரை எடுத்துவந்து, தலைப்புக்குக் கீழே அவன் பெயரைவிடப் பெரிதாக என் பெயரை எழுதினேன். வழிகாட்டி வந்து பார்த்தார்.

"போஸ்டர அசிங்கப்படுத்திட்டியேம்மா" என்றார்.

என் பெயரை எடுத்தவனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பெயரா அசிங்கம்?