எடுத்து வைக்க மறந்த உறை

நேற்றுக் காலை எவர்சில்வர் தூக்கின் மூடியைத் திறந்தேன். புளிப்பு வாடையே இல்லை. முந்தின நாள் உறை ஊற்றிய பால் அப்படியே பாலாக நின்றது. ஆட்டினால் தளும்பியது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வேளைத் தயிர் போனதற்கா இத்தனை என்று கேட்காதே. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலையிலும் நீ உறை ஊற்றி வைத்துவிட்டுத்தான் போனாய். திரும்பி வரவில்லை. அந்தத் தயிரில் ஒரு கரண்டி மறுநாளுக்கு, அதில் ஒரு கரண்டி அதற்கு மறுநாளுக்கு என்று பதினோரு மாதமாக அறுபடாமல் கொண்டுவந்தேன். உன் கை தொடங்கிவைத்ததில் வீட்டில் இன்னும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

அதைக் கொன்றது நான்தான். பால் பொங்கி இறக்கிய நேரத்தில் கடலூரிலிருந்து மகள் போன் செய்தாள், சாப்பிட்டாச்சா என்று. பேசிக்கொண்டே, மிச்சமிருந்த தயிர் மொத்தத்தையும் கொதிக்கிற பாலில் வழித்து ஊற்றிவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சின்னக் கண்ணாடி பாட்டிலில் ஒரு கரண்டி எடுத்து வைப்பாயே, அதையும் வைக்கவில்லை.

நீ அறிவியல் எடுத்த ஏழாம் வகுப்புக்குத் தயிர் உறையும் பாடம் வரும்போதெல்லாம் புவனகிரிவரை வண்டியில் உன்னைக் கொண்டுபோய் விட்டவன் நான். ஒரே பால், ஒரே உறை. மண்சட்டி, எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று பாத்திரம் மட்டும் நாலு. நாலையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மெதுவாகப் போ என்று பின்னாலிருந்து என் முதுகில் குத்துவாய். ஒருமுறை வகுப்பு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சட்டித் தயிர்தான் கெட்டி என்று கண்டுபிடித்த பிள்ளைகள், சட்டி தண்ணியைக் குடிச்சிடுச்சு என்றார்கள். கழுவின பிறகும் பிளாஸ்டிக் டப்பாவில் வாடை போகாததை ஆளாளுக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்தாய். கடைசியில் சொன்னாய்:

"பாத்திரம் நாலு, உள்ள இருக்கிற உசுரு ஒண்ணுதான். சூடு ஜாஸ்தியானா செத்துடும், கம்மியானா தூங்கிடும்."

கீழ வீதியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் அந்த வரி அச்சான உன் பரிசோதனைத் தாளை எத்தனை நகல் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான்.

நேற்று கடையில் வேலை ஓடவில்லை. எதிர்வீட்டு மும்தாஜிடம் உறை கேட்கலாம் என்று தோன்றியபோது தெரு விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. விளக்கு வைத்த பிறகு உறை கேட்கக் கூடாது என்று என் அம்மா சொல்வாள். நீ அதைச் சட்டை செய்ததே இல்லை. "பாக்டீரியாவுக்கு மணி பாக்கத் தெரியுமா?" என்று எந்த நேரத்திலும் அள்ளிக் கொடுப்பாய். அதை நினைத்துக்கொண்டு கிண்ணத்தோடு போனேன். பாக்கெட் தயிராக இருந்தாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தேன். நடந்ததைச் சொன்னதும் மும்தாஜ் கிண்ணத்தை வாங்கி நிரப்பினாள்.

"அக்கா குடுத்த உறைதாண்ணே இது. நாங்க மாத்தவே இல்ல."

அழுதுவிடுவேனோ என்று பயந்து சட்டென்று திரும்பிவிட்டேன்.

போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாலை ஆறவிட்டேன். நீ செய்வதுபோல் சுண்டுவிரலை முக்கிப் பார்த்தேன். விரல் பொறுத்தது. பிறகுதான் உறை ஊற்றினேன்.

இன்று காலை உறைந்திருக்கிறது. உன் பரிசோதனைத் தாளில் காண்பது, அறிவது என்று இரண்டு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் விடமாட்டாய். காண்பது: தயிர் உறைந்தது. அறிவது: இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இதற்கு மார்க் போடுவாயோ, திட்டுவாயோ.

முதலில் ஒரு கரண்டி எடுத்துப் பாட்டிலில் வைத்தேன். அப்புறம்தான் என் சாதத்துக்கு ஊற்றிக்கொண்டேன்.