லுணுகலை ஏற்றத்தில் நம் கார்

இஞ்சருங்க, என் அன்பானவரே,

நம் மகள் தாரிணிக்குப் பதுளையில் கல்யாணம் முடிந்துவிட்டது. மணமகளைக் கொண்டுபோன காரை ஓட்டியது யாரென்று நினைக்கிறீர்கள்? நான்தான். நீங்கள் கண்மூடிய பிறகு லைசன்ஸ் எடுத்தேன்.

உங்கள் தம்பி செங்கலடிச் சந்தியிலேயே மறித்தார். "மச்சாள், மலைப்பாதை. ஒரு ட்ரைவரைப் பிடிப்பம்."

கூறைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தாரிணி முன்சீற்றில் அசையாமல் இருந்தாள். "அம்மா ஓட்டினாத்தான் நான் வருவன், சித்தப்பா." அவர் பின்னால் ஏறினார்.

பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தும் இழுவை இல்லை. "எஞ்சின் போயிற்று," என்றார் தம்பி. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உங்கள் பழைய கார் ஏற்றத்தில், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடக்குமே, அந்தச் சத்தம் இதில் கேட்கவில்லை. அந்தத் துணிவில் மெதுமெதுவாக லுணுகலைவரை ஏற்றிவிட்டேன்.

அங்கே கராஜில் இருந்த மெக்கானிக் பொனட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எலி வயரக் கடிச்சிருக்கு அக்கா. நொக் சென்சர் வயரு."

"அது என்ன செய்யும்?"

"அந்தச் சென்சர எஞ்சின் ஒடம்புலயே இறுக்கியிருக்கும். உள்ள பெற்றோல் கண்டபடி வெடிச்சுக் கடகடன்னு தட்டினா, அந்த அதிர்வ கம்பியூட்டருக்குச் சொல்லும். அது பிளக் பொறியக் கொஞ்சம் பிந்திப் போடும். தட்டு நின்னதும் பழையபடி முன்னுக்குக் கொண்டுவரும். இப்ப சென்சர்கிட்டருந்து தகவலே வரல்ல. அதனால எஞ்சினக் காப்பாத்தப் பொறிய பிந்தியே போடுது. இழுவை போனது அதாலதான். எஞ்சின் நல்லாருக்கு."

பழைய காரில் அந்த வேலையை நீங்களல்லவா செய்தீர்கள்? சத்தம் கேட்டதும் காலைத் தளர்த்திக் கியரைக் குறைப்பீர்கள்.

வயரைப் பொருத்தி விளக்கையும் அணைத்துத் தந்தார். அதன்பின் கார் ஏறிய வேகத்தைப் பார்த்துத் தம்பி முன்சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தாலி கட்டும் நேரம் அழக்கூடாதென்று இருந்தேன். முடியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?

திரும்பும்போது தம்பியிடம் கார்த் திறப்பை நீட்டினேன். "நீங்களே ஓட்டுங்க மச்சாள், எனக்கு நித்திரை வருது," என்றார். மகாஓயா வருமுன் குறட்டையும் கேட்டது.

வாகரையில் இருக்கும் உங்கள் அக்கா கல்யாணத்துக்கு வர ஏலாமல் போனது. தைப்பொங்கலுக்கு மகளையும் மருமகனையும் நானே காரில் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்குவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

என்றும் உங்கள் மனைவி,
தாரிணியின் அம்மா