கிடை போட்ட வயல்

மகன் நாசருக்கு அம்மா நூருன்னிசாவின் ஸலாம். அங்கே உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காக்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுதச் சொன்னால் உன் தங்கை சனோபர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெளியே தலைகாட்டத்தான் முடியவில்லை. போனில் சொன்னால் உன் அறையில் இருப்பவர்கள் காதிலும் விழும், அதனால்தான் இவளை எழுதவைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

சாரல் விழுந்துவிட்டது, ஐந்தருவியில் நல்ல கூட்டமாம். தென்காசி டவுனை எந்தப் பக்கம் விரிக்கலாம் என்று வரைபடம் போடுகிற வேலைக்குக் கோடையில் சனோபர் போனாள் அல்லவா, மேலேயிருந்து எடுத்த படத்தில் தெரிகிற ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஆள் நேரில் போய், அது வயலா தோப்பா தரிசா என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டு போனில் பதியவேண்டும். அதோடு ரோடு எவ்வளவு தூரம், தண்ணீர் தேங்குமா என்பதையெல்லாம் சேர்த்து, வீடு கட்டத் தோதான இடத்துக்குக் கம்ப்யூட்டர் மஞ்சள் பூசிவிடும். ஒன்பதாவதோடு நின்ற பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். இப்போது அந்தப் படத்தை அச்சன்புதூரில் ஒட்டியிருக்கிறார்கள், நம் குருவம்மாளின் வயல் முழுக்க மஞ்சள். நீ பயணம் போன அன்று வெள்ளரிப்பிஞ்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தாளே, அவள்தான். அறுவடை முடிந்து, உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருந்தாளாம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது எங்கே தெரியும்? பச்சை ஒன்றும் இல்லை, ஆடுகள் படுத்துக் கிடக்கின்றன, தரிசு என்று பதிந்துவிட்டு வந்துவிட்டாள். மஞ்சள் அப்படியே நின்றால் பிளாட் போடுகிறவர்கள் சுற்றிலும் வாங்கி வாய்க்காலை மூடிவிடுவார்கள், பாவிய நாற்றைக்கூட அவளால் நட முடியாது.

குருவம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஏட்டி, ஆடு படுத்தா தரிசுன்னா, ஆளு படுத்தா அது என்ன சுடுகாடா என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரப்புலதானட்டி நின்னேன், ஒரு சத்தம் குடுத்திருந்தா சொல்லியிருப்பேம்லா, தலையவே நிமிரலியே நீ, வெக்கப்படுதான்னு நானும் விட்டுட்டேன் என்றாள். ஏன் கேட்கவில்லை என்று நானும் இவளை ஏசினேன். நீங்கதானம்மா யாருகிட்டயும் வாய் குடுக்காம குனிஞ்ச தல நிமிராம வந்துரணும்னு சொல்லி அனுப்புனீங்க என்று குருவம்மாள் முன்னாலேயே சொன்னாள். அப்படியே குறுகிப்போனேன் மகனே. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று நான் சொல்லி அனுப்பிய வார்த்தை அதுதான். நான் கொடுத்த டீயைக் குடிக்காமலேயே குருவம்மாள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆட்சேபணைக் கூட்டம். பதிந்த ஆளே வந்து தப்பு என்று சொன்னால் வயலை மறுபடி பார்ப்பார்களாம். ஊரே கூடியிருக்கும், இவள் நடுங்குவாள், நானே பேசிவிடுகிறேன் என்று எழுதச் சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறாள். நான் பேசுதேன், நீங்க பக்கத்துல மட்டும் நில்லுங்கம்மா என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. திங்கட்கிழமை எங்களுக்காக துஆ செய். போனில் தங்கையிடம் பேசினால் இதற்காக ஏசாதே. யாரிடமும் பேசாதே என்று நீயும் என்னைப்போலவே அவளுக்குச் சொல்வாயே, அதை இனி சொல்லாதே.

உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும்
அம்மா நூருன்னிசா
(அம்மா சொல்ல எழுதியது சனோபர்)