போகாத கறை

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். பூமியில் துளை போடுகிற கம்பெனி ஒன்றும் கிடைக்காமல் மாசக் கடைசியில் கிளம்பிவிடும், அதோடு நம் லாண்டரியும் படுத்துவிடும், மூடிவிட்டு என்னோடு வந்து இருங்கள் என்று நீ எழுதியதும் உன் அம்மா பாதிப் பாத்திரத்தைக் கட்டிவிட்டாள். டீ, தண்ணீர், சூப் எல்லாம் எனக்கு ஒரே டம்ளரில்தான்.

நடந்ததைக் கேள். இரண்டு வருஷமாக அந்த ஆட்களின் வேலை உடுப்பில் வெறும் சேறுதான் வரும், ஒரே அலசலில் போய்விடும். போன செவ்வாய்க்கிழமை வந்த ஏழு உடுப்பிலும் கருப்பாக, பிசுபிசுவென்று ஒரு கறை. சோடா போட்டேன், வெந்நீரில் ஊறவைத்தேன், கை ஓயத் தேய்த்தேன், அசையவில்லை. எவனோ கிரீஸ் டப்பாவில் உட்கார்ந்து எழுந்திருக்கிறான் என்று சலூன்காரரிடம் ஒரு மூச்சு புலம்பிவிட்டு (அவரிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி), ஒவ்வொரு உடுப்பிலும் கறை போகவில்லை, மன்னிக்கவும் என்று சீட்டுக் குத்தி அனுப்பினேன். சாயங்காலமே பெரிய இன்ஜினியர் சீட்டும் கையுமாக ஓடி வந்தார். வாடிக்கை போச்சு என்று துணி மூட்டைக்குப் பின்னால் பதுங்கப் பார்த்தேன், தொப்பை ஒத்துழைக்கவில்லை. அவரோ, யார்கிட்டல்லாம் சொன்னீங்கண்ணே, அது எண்ணெய்ண்ணே, சோதனை முடியிற வரைக்கும் வெளியே தெரியக்கூடாதுண்ணே என்று கெஞ்சுகிறார். இந்த வட்டாரத்துக்கே முதல் எண்ணெய் வயல், அதைப் போய் நான் சோப்புப் போட்டு விரட்டியிருக்கிறேன். உன் அம்மா உள்ளேயிருந்து, நல்லவேளை, இவருக்கு ஒழுங்கா வெளுக்கத் தெரியலை என்றாள். ரகசியத்தை அடக்கிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் நாலு நாள் கிரீஸ்தான், கிரீஸ்தான் என்று சாதித்ததில் எனக்கு வயிறே உப்பிவிட்டது. நேற்றுக் கம்பெனியே அறிவித்துவிட்டது. இன்னும் கிணறுகள் போடுவார்களாம், ஆட்கள் இரண்டு மடங்காம்.

அதனால் கோபித்துக்கொள்ளாதே கண்ணு, கடையை மூடவில்லை. உன்மேல் பாசம் இல்லாமலா. உன் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு மனசே இல்லை, உன்னிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. எங்களுக்கென்று ஒழித்த அறையில் நீங்களே காலை நீட்டிப் படுங்கள். பத்து நாள் விருந்தாளியாக வருகிறோம், திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துக்கொண்டு.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துண்டோடு ஊறப்போடாதே.

ஆசிகளுடன்,
வேலை பறிபோகாத உன் அப்பா